சேலை வந்த வழி



துணி என்ற சொல்லுக்குத் துணித்தெடுக்கப்பட்டது என்பது பொருள். பழைய இலக்கியங்களில் வழங்கும் அறுவை என்ற சொல்லும் அறுத்தெடுக்கப்பட்டது என்றே பொருள்படும். தறியில் நெய்ததைத் தறியிலிருந்து அறுத்து, அப்படியே உடுத்தனர் நம் முன்னோர். கத்தரியும் ஊசியும் இடையே புகவில்லை. இன்றும் மணப்பந்தலில் நம் பெண்கள் உடுக்கும் கூறை அம்மரபில் வந்ததேயாகும்.

ஆயினும், இன்று நாம் காணும் சேலைக்கோலம் தொன்றுதொட்டு மாறாது வந்தது என்று எண்ணுதல் பொருந்தாது. 1950ஆம் ஆண்டில் திருகோணமலை நகரில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட வெண்கலத் திருமேனிகளை நீங்கள் அறிவீர்கள். அவற்றுள் அம்பிகையின் வடிவமும் உண்டு. சோழர் காலத்துக் கலைமரபில் அமைந்த இத்தகைய அம்பிகை வடிவங்களில், இடையில் உடுத்த ஆடை மடிப்பு மடிப்பாய்க் கால்களைத் தழுவி நிற்கும். மேலே அணிகலன்களே விளங்கும். தெய்வத் திருமேனி சிற்ப நூல் விதிப்படி அமைவது. ஊர்ப் பெண்டிர் யாவரும் அவ்வாறே உடுத்தனர் என்பதற்கு அதுவே சான்றாகாது. ஆனால், மார்பை மறையாத கோலத்தை அக்காலத்தார் இழிவாகக் கருதவில்லை என்பது மட்டும் தெளிவு.

அப்படியாயின், மேலாடை எப்போது மானத்தின் அடையாளமாயிற்று? அதற்கு முன்னரே அது பதவியின் அடையாளமாகிவிட்டது என்பதே வரலாறு காட்டும் உண்மை. 1660ஆம் ஆண்டில் நம் கொட்டியாரக் குடாவில் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்ட ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மலைநாட்டில் வாழ்ந்து, தப்பிச் சென்று, 1681இல் ஒரு நூலை வெளியிட்டார். மேற்சட்டை அணிதல், ஆடை முழங்காலுக்குக் கீழே தொங்கும் நீளம், ஆசனத்தில் அமர்தல் ஆகிய இவற்றாலேயே உயர்குடியினர் ஏனையோரினின்றும் பிரித்தறியப்பட்டனர் என்று அவர் எழுதியுள்ளார். ஒரு முழத் துணி கூடினாற் குற்றம், குறைந்தால் அடக்கம்! இதுவே அன்றைய நீதி.

இந்நீதியைத் துணிந்து எதிர்த்தவர்கள் கடலுக்கு அப்பால், தென் திருவிதாங்கூரில் வாழ்ந்த நாடார் குலப் பெண்கள். தோள்சீலை அணியும் உரிமைக்காக அவர்கள் ஏறக்குறைய அரை நூற்றாண்டு போராடினர். பொது வீதியில் அவர்களுடைய சீலை கிழித்தெறியப்பட்டது, வீடுகள் எரிந்தன. 1829இல் அரசு அவ்வுரிமையை மறுத்தது. 1859ஆம் ஆண்டு யூலை மாதத்தில், மேலுடம்பை மறைக்கலாம், எனினும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்று மன்னர் ஆணையிட்டார். உரிமை கொடுக்கும்போதும் ஒரு கோடு கிழித்தே கொடுத்தனர். யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட மக்களின் பெண்களுக்கு இத்தகைய தடைகள் இருந்தன. அதை மறைத்துப் பழம்பெருமை பேசுதல் நமக்கு அழகன்று.

இனி, இடத்தோளில் தலைப்பைச் சார்த்தி, உள்ளே சட்டையும் பாவாடையும் அணியும் கோலம் எங்கிருந்து வந்தது? தாகூர் குடும்பத்து மருமகளான ஞானதாநந்தினி தேவி 1864இல் கணவருடன் பம்பாய் சென்று, அங்குள்ள பார்சிப் பெண்கள் உடுத்தும் முறையைக் கண்டு, அதனைத் திருத்தி வங்காளத்துக்குக் கொண்டுவந்தார். கல்வி கற்ற பெண்கள் பொது வாழ்வுக்கு வந்த காலம் அது. அவர்களுக்கு இத்தகைய உடை வேண்டியிருந்தது. பழமையின் சின்னம் என நாம் போற்றும் கோலம், அன்று புதுமையின் சின்னமாக இருந்தது.

நம் மாவட்டத்து மூதூரிலும் கிண்ணியாவிலும் முஸ்லிம் பெண்கள் இதே சேலையின் தலைப்பை முக்காடாக இட்டு வந்தனர். அண்மைப் பத்தாண்டுகளில் அபாயா பரவியது. 2018இல் இந்நகரத்துப் பாடசாலை ஒன்றில் ஆசிரியைகள் சேலை உடுப்பதா, அபாயா அணிவதா என்று எழுந்த வழக்கு, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் நீதிமன்றத்துக்கும் சென்றது. சேலையே நம் பண்பாடு என்றனர் ஒரு சாரார். உடை எம் உரிமை என்றனர் மறுசாரார்.

பண்பாடு என்று வாதிடுவோர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சேலை நெடுங்காலம் நிலைத்தது எவரும் கட்டளையிட்டதனால் அன்று. ஒரே துணி, உடுப்பவளின் தொழிலுக்கும் சமயத்துக்கும் ஊருக்கும் ஏற்ப வளைந்து கொடுத்தது, அதனாலேயே நிலைத்தது. தோள்சீலையை அணியாதே என்று தடுத்த கை எதுவோ, இதைத்தான் அணிக என்று வற்புறுத்தும் கையும் அதுவே. சேலையின் பெருமையைக் காக்க விரும்புவோர், அதனை உடுப்பவளின் விருப்பத்தை முதலிற் காப்பாராக.