அச்சுக்காரரின் குணக்கணக்கு

வணிகம் செய்வோர் நாள்தோறும் மாலையில் கடைக்கணக்கைப் பார்ப்பது வழக்கம். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று பார்த்துப் பேரேட்டை மூடிய பிறகே அவர்களுக்கு உறக்கம் வரும். தம் குணத்துக்கும் அவ்வாறே ஒரு கணக்கு வைத்துக்கொண்ட வணிகர் ஒருவர் இருந்தார். அவரே பெஞ்சமின் பிராங்க்ளின். மின்னலை ஆராய்ந்த அறிஞர் என்றும், அமெரிக்கச் சுதந்தரப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட தலைவர் என்றும் மாணவர்களாகிய நீங்கள் அவரை அறிவீர்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அந்த முதியவரைப் பற்றியன்று. பிலடெல்பியா நகரத்தில் சிறிய அச்சுக்கூடம் வைத்துப் பிழைத்த இளைஞரைப் பற்றியே பேசப் போகிறேன்.

அவர் 1706 ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்றவர். பள்ளியில் அவர் படித்த காலம் இரண்டு ஆண்டுகூட நிரம்பவில்லை. 12 வயதில் தமையனாரின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். ஒப்பந்த காலம் முடியுமுன்பே, 1723 இல், தமையனாரின் கடுமையைப் பொறாமல் பிலடெல்பியாவுக்கு ஓடிவந்தார். பிறகு இலண்டன் சென்று தொழிலில் தேர்ந்து திரும்பி, 1728 இல் ஒரு கூட்டாளியுடன் சொந்த அச்சுக்கூடம் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் அது அவர் ஒருவருக்கே உரியதாயிற்று.

அந்நாளில் அவர் உழைத்த உழைப்பு வியக்கத்தக்கது. ஒரு பெரிய வரலாற்று நூலின் பகுதியை அச்சிடும் வேலை வந்தது. நாளுக்கு ஒரு முழுத்தாள் அச்சுக் கோப்பது என்று உறுதி செய்துகொண்டார். ஓர் இரவு வேலை முடிந்தது என்று எண்ணிய வேளையில், கோத்த எழுத்துக்கள் சிதறி இரண்டு பக்கங்கள் பாழாயின. அவர் விடியட்டும் என்று விடவில்லை. அந்த இரவே மீண்டும் கோத்து முடித்த பின்னரே படுக்கைக்குச் சென்றார். வாங்கிய காகிதத்தை ஒற்றைச் சக்கர வண்டியில் வைத்துத் தாமே தெருவழியே தள்ளிக்கொண்டு வருவார். உழைப்பாளியாக இருப்பதோடு, உழைப்பாளி என்று ஊரார் காணவும் வேண்டும் என்று அவர் கருதினார். இதனை அவர் தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவருடைய மனைவி டெபோராவும் தாள்களை மடித்துத் தைத்தும், கடையைக் கவனித்தும், காகிதம் செய்வோருக்காகக் கந்தைத் துணி வாங்கியும் தொழிலுக்குத் துணைநின்றார்.

இனி அவருடைய அன்றாட ஒழுங்கைப் பார்ப்போம். காலை 5 மணிக்கு எழுவார். இன்று என்ன நன்மை செய்யலாம் என்று தம்மையே வினவிக்கொள்வார். 8 மணி முதல் 12 வரை வேலை. அடுத்த 2 மணி நேரம் படிப்பு, கணக்கு, உணவு. பின்பு மாலை 6 வரை மீண்டும் வேலை. அதன் பிறகு பொருள்களை அதனதன் இடத்தில் வைத்தல், உணவு, இசை, உரையாடல். 10 மணிக்கு உறங்கச் செல்லுமுன், இன்று என்ன நன்மை செய்தோம் என்று மற்றொரு வினா. இதுவே அவர் வகுத்த நாள்முறை.

குணக்கணக்கு என்றேனே, அது ஒரு சிறு கைச்சுவடி. மிதமாக உண்ணல், வீண்பேச்சு ஒழித்தல், ஒழுங்கு, உறுதி, சிக்கனம், உழைப்பு, வாய்மை, நீதி முதலாக 13 குணங்களை வரிசையாக எழுதி, எதிரே வாரத்தின் 7 நாளுக்கும் கட்டங்கள் வரைந்தார். தவறிய நாளில் கறுப்புப் புள்ளி ஒன்று வைப்பார். வாரத்துக்கு ஒரு குணத்தில் தனிக் கருத்துச் செலுத்தினால், 13 வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஆண்டுக்கு நான்கு சுற்று. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டிக் காகிதம் ஓட்டையாயிற்று. பிறகு தந்தத் தகடுகளில் எழுதி ஈரப்பஞ்சால் துடைத்துக்கொண்டார்.

அவரை மிகவும் தொல்லைப்படுத்திய குணம் ஒழுங்கே. கூலிக்கு உழைப்பவன் நேரத்தை வகுத்துக்கொள்ளலாம். கடைக்கு உரியவனோ வருபவர் வரும் நேரத்திலெல்லாம் அவர்களுக்கு முகங்கொடுக்க வேண்டும். ஆகவே வகுத்த நாள்முறை அடிக்கடி குலைந்தது. முழு நிறைவு கிட்டவில்லை என்றும், முயலாதிருந்தால் அமைந்திருக்கக்கூடிய நிலையைவிட நல்லவனானேன் என்றும் அவர் முதுமையில் கருதினார்.

நண்பர்களே, இந்த வரலாற்றில் என் கருத்தைக் கவர்ந்தது பதின்மூன்றாம் குணம். முதலில் அவர் எழுதியவை பன்னிரண்டே. உரையாடலில் நீர் செருக்குடன் பிறரை மடக்குகிறீர் என்று குவேக்கர் சமயத்து நண்பர் ஒருவர் எடுத்துக்காட்டினார். அதன் பின்னரே பணிவு என்னும் வரி சேர்ந்தது. தம் கண்ணுக்குத் தெரியாத குறையைப் பிறர் வாய் சொல்லிற்று. அவர் செவி ஏற்றது.

ஆனால் எல்லாக் குரலையும் அவர் செவி உடனே ஏற்கவில்லை. அவர் 1729 இல் வாங்கி நடத்திய 'பென்சில்வேனியா கெசட்' இதழில் அடிமைகளை விற்கும் விளம்பரங்கள் வெளிவந்தன. ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துத் தரக் கோரும் விளம்பரங்களும் வந்தன. தாமே ஒருகால் ஓடிவந்தவருடைய இதழ் அது! அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தனர். அடிமைமுறையைக் கண்டித்து ரால்ப் சாண்டிபோர்டும் பெஞ்சமின் லேயும் எழுதிய நூல்கள் அவருடைய அச்சுக்கூடத்திலேயே அச்சாயின. அவ்வெழுத்துக்கள் அவர் அச்சுப்பொறியைக் கடந்து சென்றன. கைச்சுவடியில் ஒரு வரியாக ஏறவில்லை. நீதி என்று எழுதியிருந்த வரிக்கு எதிரே இதற்கெனப் புள்ளி வைக்க அவருக்குத் தோன்றவில்லை. நெடுங்காலம் சென்ற பின், 1787 இல், அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில் அடிமைமுறையை நீக்க வேண்டி அமெரிக்கக் காங்கிரசுக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் ஒப்பமிட்டார்; ஏப்ரலில் காலமானார்.

ஆகவே குணக்கணக்கு வைப்பது நன்று என்பேன். 42 வயதில் அன்றாடத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்று, அறிவியலுக்கும் பொதுப்பணிக்கும் தம்மை அளிக்கும் வசதி அவருக்கு வாய்த்ததில் இவ்வொழுங்குக்கும் பங்குண்டு. எனினும் கணக்கில் எழுதிய குறையே திருந்தும். எழுதாத குறை எத்தனை ஆண்டானாலும் அப்படியே இருக்கும். நீங்களும் ஒரு சிறு சுவடி வைத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் ஒரு வரியை வெறுமையாக விட்டுவையுங்கள். அதை நிரப்பத்தக்க சொல்லை ஒரு நண்பரோ, நீங்கள் கேட்க விரும்பாத ஒருவரோ, ஒருநாள் சொல்லக்கூடும்.