இசை: யார்?

1931 அக்டோபர் 31 அன்று வெளியான முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்'. படம் நெடுகப் பாட்டுதான். ஆனால் 'இசையமைப்பாளர்' என்று டைட்டிலில் ஒருவர் பெயரைப் போடும் வழக்கமே அப்போது பிறக்கவில்லை.

பின்னணிப் பாடகர்கள் இல்லாத காலம். நடிப்பவரே கேமரா முன் பாடுவார். ஆர்மோனியக்காரரும் தபேலாக்காரரும் கேமரா கண்ணில் படாத இடத்தில் உட்கார்ந்து கூடவே வாசிப்பார்கள். ஒருத்தர் தடுமாறினால் எல்லாருக்கும் மறுபடி முதலிலிருந்து. மெட்டுகள் நாடக மேடையிலிருந்தும் கீர்த்தனைகளிலிருந்தும் வந்தன. ஊருக்கே தெரிந்த மெட்டுக்கு யார் பெயரைப் போடுவது?

1937இல் 'அம்பிகாபதி' வந்தது. இசையமைப்பாளர் பெயரை டைட்டிலில் போட்ட முதல் தமிழ்ப் படம் அதுதான் என்கிறார்கள் திரை வரலாற்றாளர்கள். அந்தப் பெயர் பாபநாசம் சிவன். போலகத்தில் 1890இல் பிறந்த ராமய்யா, மயிலாப்பூர் மாடவீதிகளில் மார்கழி பஜனை பாடியவர். இயக்குநரோ தமிழ் தெரியாத அமெரிக்கர், எல்லிஸ் ஆர். டங்கன்.

உடனே, 'ஹாலிவுட்காரங்கதான் கத்துக்கொடுத்தாங்க'ன்னு முடிச்சிடத் தோணும். ஆனா அங்கயும் அதே கதைதான். 1936இன் 'ஆண்டனி அட்வர்ஸ்' படத்துக்கு இசை எழுதியவர் கோர்ன்கோல்ட். ஆஸ்கர் போனது வார்னர் பிரதர்ஸ் இசைத்துறைத் தலைவர் ஃபோர்ப்ஸ்டைனுக்கு. விருது துறைக்குத்தான் என்பது அன்றைய விதி. 1938இன் 'ராபின் ஹுட்' படத்துக்குத்தான் கோர்ன்கோல்ட் கைக்கே விருது வந்தது. மென்பொருள் வேலை பார்க்கும் எனக்கு இதில் ஆச்சரியமில்லை. கோடு எழுதுறது ஒருத்தர், பாராட்டு மெயில் போறது இன்னொருத்தருக்கு.

பெயர் வந்த பிறகும் நிழல் விலகவில்லை. 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' படத்தில் பாட்டு சிவனுடையது; வாத்திய இசையைக் கோத்தவர் ஜி. ராமநாதன். பேச்சு பாகவதர் குரலைப் பற்றியே இருந்தது. ராமநாதனுக்கு அவர் காலம் பின்னால் வந்தது: 'வீரபாண்டிய கட்டபொம்மன்' இசைக்கு 1960இல் கெய்ரோ விழாவில் பரிசு. அவர் முன்னால் உட்கார்ந்து வாசித்தவர்களுக்கு அதுவும் இல்லை.

இது சினிமாவோடு வந்த வியாதி இல்லை. எங்க மரக்காணம் உப்பளக் கரையைத்தான் சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். பரிசு கொடுத்த நல்லியக்கோடன் பெயர் அதில் இருக்கிறது. பாடிய நத்தத்தனார் பெயரும் தங்கிவிட்டது. சீறியாழைத் தூக்கிக்கொண்டு அந்த வெயிலில் நடந்தவன் மட்டும் இன்றுவரை வெறும் 'பாணன்'.