ஒரு செல் போனால் கார் போச்சா? – பேட்டரிப் பெட்டியைத் திறந்தவர்களின் கதை

"பேட்டரி போச்சுன்னா காரே போச்சுன்னு சொல்றாங்களே, நெஜமா?"

போன மாதம் நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். அவரிடம் இருப்பது பதினான்கு வயதான ஹைபிரிட் கார். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பயம். பதில் தேடப்போனவன் நூறு வருஷம் பின்னால் போய் நின்றேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

கார் என்றாலே பெட்ரோல் என்று முடிவாகாத காலம் ஒன்று இருந்தது. 1910-களில் அமெரிக்காவில் பேக்கர், டெட்ராய்ட் எலெக்ட்ரிக் போன்ற மின்சாரக் கார்கள் சர்வசாதாரணம். ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே டெட்ராய்ட் எலெக்ட்ரிக்தான் ஓட்டினார். அன்றைய பேட்டரி ஒன்றும் முத்திரை வைத்த பெட்டி இல்லை. தனித்தனிச் செல்கள், அவற்றைக் கோக்கும் ஈயப் பட்டைகள், எல்லாமே கைக்கு எட்டும். ஒரு செல் சொதப்பினால் பட்டையை அறுத்து, அதை மட்டும் வெளியே எடுத்து, தகடு மாற்றித் திரும்ப ஒட்டிவிடுவார்கள். மேலே தார் ஊற்றி அடைத்த பழைய லாரி பேட்டரிகளுக்கு நம்மூர்க் கடைகளில் செய்ததும் இதே வைத்தியம்தான். "ஒரு செல் அவுட்டு, மத்த அஞ்சும் நல்லாருக்கு" என்ற அந்தக் கடைப் பேச்சை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை முழுக்க அதுதான்.

ஈயத்துக்கு மாற்றுத் தேடியவர்கள் நிக்கலைப் பிடித்தார்கள். 1899-இல் ஸ்வீடனின் வால்டெமார் யூங்னர் நிக்கல்-காட்மியம் பேட்டரியைச் செய்தார். எடிசன் நிக்கல்-இரும்புப் பக்கம் போனார். 1903-இல் அவர் விற்பனைக்கு விட்ட செல்கள் ஒழுகத் தொடங்கின. மனுஷர் விற்பனையை நிறுத்திவிட்டு, ஐந்தாறு வருஷம் மறுபடி உழைத்துத்தான் உருப்படியான பேட்டரியைக் கொண்டுவந்தார். அதில் உள்ளே இருக்கும் காரக்கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றலாம். அப்படிப் பார்த்துக்கொண்ட சில செல்கள் பல பத்தாண்டுகள் உழைத்தன.

அதே நிக்கல் நேர்முனை, அதே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். எதிர்முனையில் மட்டும் ஹைட்ரஜனை உறிஞ்சிவைக்கும் உலோகக் கலவையைப் போட்டால் நிக்கல்-மெட்டல்-ஹைட்ரைடு. இதைக் காருக்கு ஏற்றபடி வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஸ்டான்ஃபோர்ட் ஓவ்ஷின்ஸ்கி. பழைய இரும்பு வியாபாரியின் மகன், கல்லூரிப் பட்டம் கிடையாது, கடைசல் பட்டறையிலிருந்து வந்தவர்.

1997 டிசம்பரில் ஜப்பானில் பிரியஸ் வந்தது. இரண்டாம் தலைமுறை பிரியஸ் (2003) இந்தக் கதைக்கு நல்ல உதாரணம். பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு உலோகப் பெட்டி. உள்ளே 28 மாட்யூல்கள், ஒவ்வொன்றிலும் 6 செல். ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட், மாட்யூலுக்கு 7.2, மொத்தம் 201.6 வோல்ட். பெட்டி மூடியாயிற்று. திறக்காதே என்ற எச்சரிக்கையும் ஒட்டியாயிற்று. அமெரிக்காவில் உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல். அதற்கப்புறம் பழுதானால், கம்ப்யூட்டரில் வரும் பிழைக் குறியீட்டுக்கு நேரே எழுதியிருப்பது: முழு பேட்டரியையும் மாற்று.

ஆனால் உள்ளே நடப்பது என்ன? 168 செல்களும் வரிசையாகக் கோத்த சங்கிலி. எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தான் பாயும். நடுவில் இருக்கும் மாட்யூல்களுக்குச் சூடு அதிகம், அதனால் அவை முதலில் தளர்கின்றன. தளர்ந்த செல் சீக்கிரம் காலியாகும். காலியான பிறகும் மற்ற செல்கள் அதன் வழியே மின்சாரத்தைத் தள்ள, அது தலைகீழாக மாறிச் சூடேறிச் சாகும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஆயுளைக் கூட்டுவதற்காகக் கார் இந்தப் பேட்டரியை ஒருபோதும் முழுசாக நிரப்புவதில்லை, முழுசாகக் காலிசெய்வதும் இல்லை. ஏறக்குறைய 40-லிருந்து 80 சதவீதத்துக்குள்ளேயே ஓட்டுகிறது. நல்லதுதான், ஆனால் செல்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு சரியாக வாய்ப்பே இல்லை.

இதை முதலில் கையில் எடுத்தவர்களில் 1999-இல் வந்த ஹோண்டா இன்சைட்டின் உரிமையாளர்கள் உண்டு. அதில் 120 செல்கள், 144 வோல்ட். வெளியிலிருந்து மிகக் குறைந்த மின்னோட்டத்தை, அரை ஆம்பியருக்கும் கீழே, மணிக்கணக்கில் விட்டார்கள். நிறைந்த செல்கள் மிச்ச மின்சாரத்தைச் சூடாக்கி வெளியேற்றிவிடும். பின்தங்கிய செல்கள் மெல்ல வந்து சேர்ந்துகொள்ளும். அந்தச் சூட்டை வெளியேற்ற, சார்ஜ் ஆகும் நேரம் முழுக்க விசிறி ஓட வேண்டும்.

பிரியஸ்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மாட்யூல்களைத் தனித்தனியே கழற்றி, பொம்மை விமானம் பறக்கவிடுபவர்கள் வைத்திருக்கும் சார்ஜரில் போட்டு, நிரப்பி, வடித்து, மறுபடி நிரப்பினார்கள். புதிதில் கொள்ளளவு 6.5 ஆம்பியர்-மணி. இப்போது எவ்வளவு தேறுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் குறித்துவைத்து, தேறாததை ஒதுக்கினார்கள். சார்ஜ் ஆகும்போது மாட்யூல் உப்பும் என்பதால் பலகை வைத்து இறுக்கிக் கட்டினார்கள். பச்சை பூத்த செப்புப் பட்டைகளைத் தேய்த்தார்கள். எல்லாம் அந்தக் காலத்து பேட்டரிக் கடை வேலைதான், ஈயம் உருக்குவது மட்டும்தான் இல்லை.

இங்கே இரண்டு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாவது, 200 வோல்ட் நேர்மின்சாரம் ஆளைக் கொல்லும். ஆரஞ்சு நிற சர்வீஸ் பிளக்கை உருவினால் சங்கிலி இரண்டு துண்டாகும், அவ்வளவுதான். ஒவ்வொரு துண்டும் உயிரோடுதான் இருக்கும். இன்வர்ட்டரின் கெப்பாசிட்டர்கள் அடங்குவதற்குப் பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். 1000 வோல்ட் தாங்கும் கையுறை இல்லாமல், கையில் மோதிரத்தோடு, தனியாளாக இதில் இறங்கவே கூடாது.

இரண்டாவது, ஒரே ஒரு மாட்யூலை மாற்றுவது பெரும்பாலும் ஏமாற்று. மற்ற 27-க்கும் அதே வயசுதானே? கொஞ்ச நாளில் அடுத்தது படுக்கும், அப்புறம் அதற்கடுத்தது. புதிதாக வைத்ததும் பழையவற்றோடு ஒத்துப்போகாது. எல்லாவற்றையும் அளந்து, ஒத்த கொள்ளளவு உள்ளவற்றைச் சேர்த்தால்தான் பேட்டரி நிற்கும். அப்படியும் புதுசுக்கு ஈடாகாது.

நம் பக்கத்தில் இது வெறும் பொழுதுபோக்காக இல்லாமல் பிழைப்பாகவே மாறியது இலங்கையில். ஜப்பானிலிருந்து பழைய ஹைபிரிட் கார்கள் ஏராளமாக வந்து இறங்கிய நாடு அது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் கதவு மறுபடி திறந்தது. நடுவில் ஐந்து வருஷம், இருக்கிற காரை ஓடவைத்தே ஆக வேண்டும். மாட்யூலை அளக்கத் தெரிந்தவருக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, நண்பருக்கு என்ன சொன்னேன்? "பேட்டரி போனா கார் போகாது. விளக்கு எரிஞ்சா, 28 மாட்யூலையும் அளந்து, கணக்கைத் தாளில் எழுதித் தர்றவர்கிட்ட போங்க. 'ஒண்ணுதான் சார், ஒரு மணி நேரத்துல முடிச்சிடலாம்'னு சொல்றவர்கிட்ட வேண்டாம். அதுக்கு முன்னாடி, பின்சீட் ஓரத்துல பேட்டரிக்குக் காத்து போற துவாரம் இருக்கும், அதைப் பாருங்க."

மறுநாள் போட்டோ அனுப்பியிருந்தார். துவாரம் முழுக்க அவர் வீட்டு நாயின் முடி. பதினான்கு வருஷத்தில் யாருமே அதைத் திறந்து பார்த்ததில்லையாம்.