விலக்குணவு வணிகம் (யூதச் சட்டம்)

விலக்குணவு வணிகம் என்பது, காஷ்ருத் எனும் யூத உணவு விதிகள் விலக்கிய பொருள்களை விற்றுப் பிழைப்பதைக் குறிக்கும் யூதச் சட்டக் கருத்து. பன்றி இறைச்சி, இறால் போன்று உண்பதற்கென்றே உள்ளவற்றை, யூதர் ஒருவர் தான் உண்ணாவிடினும் வணிகமாக்கக் கூடாது. யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் செவீத் பகுதி (7:3) கூறும் இத்தடையை, யோசேப் காரோ தொகுத்து 1565இல் வெனிஸ் நகரில் அச்சான சுல்கான் அரூக் எனும் சட்டநூல், தன் யோரே தேயா பகுதியின் 117ஆம் பிரிவில் வகுத்துரைக்கிறது.

விதிவிலக்குகள்: உழைப்புக்குப் பயன்படும் கழுதையை விற்கலாம், வலையில் தற்செயலாகச் சிக்கிய விலக்கு மீனையும் மீனவர் விற்கலாம்.

தொழில் தேர்வு: மாட்டிறைச்சியையும் பாலையும் சேர்த்துச் சமைப்பதே தனித் தடை, ஆதலால் சீஸ்பர்கர் சமைக்கும் பணி கூடுதல் சிக்கலுடையது. பிறர் கடையில் கூலிக்கு உழைப்போர் நிலை பற்றிச் சட்ட அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனவே வேலையை ஏற்குமுன் யூதச் சமய அறிஞரான ரபியிடம் தீர்ப்புக் கேட்பது மரபு.