பிங்க் சாஸின் பூர்வீகம்

தில்லிப் பக்கம் கல்யாண வரவேற்புகளில் ஒரு மூலையில் பாஸ்தா கவுண்டர் போட்டிருப்பார்கள். ரெட் சாஸா, வொயிட் சாஸா என்று கேட்பார்கள். இரண்டையும் கலந்தால் பிங்க். என் பெண்ணுக்கு எப்போதும் பிங்க்தான். எங்களோடு இருக்கும் அம்மா, "இதெல்லாம் நம்ம சாப்பாடாடி?" என்பாள். "இத்தாலியில நூத்துக்கணக்கான வருஷமா சாப்பிடறாங்க பாட்டி" என்று பதில் வரும். கொஞ்சம் படித்துப் பார்த்ததில் இரண்டு பேர் கணக்குமே டேலி ஆகவில்லை.

தக்காளி இத்தாலியச் செடியே இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பானியர்கள் கொண்டுவந்தது. இத்தாலியில் 1544ல் மத்தியோலி என்ற மருத்துவர் தம் மூலிகை நூலில் அதைப்பற்றி எழுதினார். 1548 அக்டோபர் 31 அன்று பீசா நகரில் இருந்த மெதிச்சி பிரபுவின் மாளிகைக்கு ஒரு கூடை தக்காளி போயிருக்கிறது. 'கூடை பத்திரமாக வந்து சேர்ந்தது' என்று மேற்பார்வையாளர் கடிதம் எழுதி வைத்திருக்கிறார். (இன்வேர்ட் ரிஜிஸ்டர் எழுதுகிறவர்களுக்கு மரியாதை செய்யுங்கள் ஐயா, சரித்திரமே அவர்கள் கையில்தான் இருக்கிறது!)

வந்ததே தவிர, பெரிய வீட்டுச் சமையலில் அதற்கு லேசில் இடம் கிடைக்கவில்லை. கத்தரிக்காய்க்கு உறவு, விஷமாக இருக்குமோ என்ற சந்தேகம். நேப்பிள்ஸில் ஸ்பானிய ஆட்சி நடந்தபோது அந்தோனியோ லத்தீனி என்பவர் 1692-94ல் இரண்டு பாகமாக ஒரு சமையல் நூல் போட்டார். அதில்தான் தக்காளி சாஸ் வருகிறது. தணலில் சுட்டுத் தோலுரித்த தக்காளி, வெங்காயம், மிளகாய், உப்பு, எண்ணெய், வினிகர். நம் சுட்ட தக்காளித் துவையலுக்குப் பக்கத்து வீடு. ஆனால் அவர் அதற்கு வைத்த பெயர் 'ஸ்பானிய முறை'. இத்தாலிக்காரரே அதை வெளியூர்ச் சரக்கு என்றுதான் எழுதினார்! தொட்டுக்கொண்டதும் வேகவைத்த கறிக்கு, பாஸ்தாவுக்கு இல்லை.

பாஸ்தாவுக்கு அப்போது துருவிய சீஸ்தான். பணக்கார வீடுகளில் சர்க்கரையும் பட்டைப் பொடியும் தூவினார்கள். தக்காளியும் பாஸ்தாவும் அச்சில் ஒன்று சேர இன்னும் நூறு வருஷம் ஆயிற்று: 1790ல் லியோனார்தியின் நூல், பிறகு 1839ல் நேப்பிள்ஸின் கவல்காந்தி. 1891ல் அர்த்தூசி தம் புகழ்பெற்ற சமையல் நூலில் ஒரு பாதிரியார் கதை சொல்கிறார். ஊரில் எல்லார் விஷயத்திலும் மூக்கை நுழைப்பாராம், அதனால் பட்டப்பெயர் 'தக்காளி சாமியார்'. நூறே வருஷத்தில் தக்காளி எல்லாப் பாத்திரத்திலும் நுழைந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நம் பக்கமும் கதை அதேதான். மணத்தக்காளி நம்முடையது. கடல் தாண்டி வந்த இது 'சீமைத் தக்காளி'. பிறகு சீமையை உதிர்த்துவிட்டு வெறும் தக்காளியாகிவிட்டது. எங்கள் வீட்டில் திவசச் சமையலில் இன்றைக்கும் தக்காளி கிடையாது. ரசத்துக்குப் புளிதான். தினமும் தக்காளி ரசம் வைக்கும் அம்மா அன்றைக்கு மட்டும் அதை அந்நியன் என்று வெளியே நிறுத்துகிறாள். அந்த நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது. வருஷத்தில் ஒரு நாளாவது பழைய கணக்கை யாராவது ஞாபகம் வைத்திருக்க வேண்டும் இல்லையா?

சரி, க்ரீம்? அது இன்னும் இளசு. நேப்பிள்ஸ் ஆலிவ் எண்ணெய் ஊர். வெண்ணெயும் க்ரீமும் வடக்கு இத்தாலியின் பழக்கம். தக்காளியில் க்ரீமும் வோட்காவும் ஊற்றிய 'பென்னே அல்லா வோட்கா' 1970, 80களில்தான் பிரபலமாயிற்று. கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று இத்தாலியிலும் நியூயார்க்கிலும் பலர் உரிமை கொண்டாடுகிறார்கள். நடிகர் உகோ தொன்யாட்சி 1974ல் தம் சமையல் நூலில் வோட்கா சேர்த்த தக்காளி பாஸ்தா ஒன்றைப் போட்டிருக்கிறார்.

இந்தக் கணக்கில் தில்லி முந்திக்கொள்கிறது! பிரிவினைக்குப் பின் பெஷாவரிலிருந்து வந்தவர்கள் 1947ல் தரியாகஞ்சில் தொடங்கிய மோத்தி மஹாலின் பட்டர் சிக்கனில் தக்காளி, வெண்ணெய், க்ரீம் மூன்றும் உண்டு. அதைக் கண்டுபிடித்தது யார் என்று 2024ல் தில்லி உயர்நீதிமன்றம் வரை போனார்கள். அகதியாக வந்தவர்கள் கைப்பக்குவம் இன்று இந்த ஊரின் அடையாளம். என் பெண்ணின் பிங்க் சாஸுக்கு நேப்பிள்ஸைவிட தரியாகஞ்ச் நெருங்கிய சொந்தம் என்பது என் கட்சி.

வீட்டில் செய்கிறவர்களுக்கு: தக்காளியின் புளிப்பில் பால் திரிந்துவிடும். கவுண்டர்களில் மைதா கலந்த வொயிட் சாஸ் ஊற்றுவது அதனால்தான், மாவு பாலைத் திரியவிடாது. க்ரீமில் கொழுப்பு அதிகம், அதனால் அது தாங்கும். ஆனால் இங்கே டப்பாவில் கிடைக்கும் ஃப்ரெஷ் க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். தக்காளியைப் பச்சை வாசனை போய் எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். அடுப்பைத் தணித்து, பாஸ்தா வெந்த கஞ்சித் தண்ணீர் ஒரு கரண்டி விட்டு, கடைசியில் க்ரீம். அதன்பிறகு கொதிக்க விடாதீர்கள்.