லேசர் பாய்மரப் படகு: கட்டுப்பாட்டுக் கயிறுகளை மாற்றுதல்

லேசர் ஒருவர் மட்டும் செலுத்தும் சிறு பந்தயப் பாய்மரப் படகு. கனடாவைச் சேர்ந்த புரூஸ் கர்பி வடிவமைத்த இப்படகு 1971இல் சந்தைக்கு வந்தது. 2019 முதல் இதன் வகுப்புப் பெயர் ஐ.எல்.சி.ஏ. நீளம் சுமார் 4.2 மீட்டர், உடற்கூட்டின் எடை ஏறத்தாழ 59 கிலோ, பெரிய பாயின் பரப்பு 7.06 சதுர மீட்டர். 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கிலிருந்து போட்டிப் படகாக இருந்துவருகிறது. சென்னையின் நேத்ரா குமணனும் வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணனும் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் கலந்துகொண்டது இந்த வகுப்பில்தான்.

இப்படகில் பாயை மேலேற்றும் ஆஞ்சான் கயிறு கிடையாது. பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கயிறுகளும் இல்லை. பாயின் முன்விளிம்பு உறைபோலத் தைக்கப்பட்டு மரத்தின்மேல் செருகப்படுகிறது. அதனால் பாயின் வடிவத்தை மாற்றும் வேலை முழுவதும் ஐந்து கயிறுகளின் பொறுப்பு. மெயின்ஷீட் பாயை உள்ளிழுக்கும், வெளியே விடும். வாங், பாயின் அடியிலுள்ள பூம் என்னும் கம்பம் மேலெழாதபடி கீழே இழுத்துப் பிடிக்கும். கன்னிங்காம் பாயின் முன்விளிம்பை இறுக்கும். 1958இல் கொலம்பியா படகைச் செலுத்தி அமெரிக்கா கோப்பையை வென்ற பிரிக்ஸ் கன்னிங்காம் இதைக் கண்டுபிடித்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. அவுட்ஹால் பாயின் அடிவிளிம்பை இழுக்கும். டிராவலர் பின்தளத்தின் குறுக்கே கட்டப்படும். மெயின்ஷீட்டின் கீழ்க்கப்பி அதன்மேல் இருபுறமும் ஓடும்.

பழைய கயிறுகளை மாற்ற வருபவர் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, எது அறாது என்பது. சிறு படகுக்கு இது கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி. டைனீமா என்னும் உயர்வலு இழையாலான 4 மில்லிமீட்டர் கயிறே ஒரு டன்னுக்கும் மேல் தாங்கும். லேசரில் எந்தக் கயிற்றுக்கும் அந்தச் சுமை வருவதில்லை. எவ்வளவு நீள்கிறது, கையில் எப்படி நிற்கிறது, கயிற்றைக் கடித்து நிறுத்தும் கிளீட்டில் பிடிக்கிறதா, கப்பியில் தடையின்றி ஓடுகிறதா என்ற நான்கும்தான் தேர்வைத் தீர்மானிக்கவேண்டும். இந்த நான்கிலும் ஒவ்வொரு கயிற்றுக்கும் தேவை வேறு. ஒரே கயிற்றைச் சுருளாக வாங்கி ஐந்து இடத்துக்கும் வெட்டிப் போடுவது மலிவு, ஆனால் தவறு.

இழைகளில் நைலான் மிக அதிகம் நீள்வது. நனைந்தால் வலுவும் குறையும். நங்கூரக் கயிற்றுக்கும் இழுவைக் கயிற்றுக்கும் அந்த நீட்சி நன்மை. பாயைக் கட்டுப்படுத்தும் கயிற்றுக்குக் கேடு. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டறிந்த பாலியெஸ்டர் அதைவிடக் குறைவாக நீளும், வெயிலைத் தாங்கும், விலையும் குறைவு. பாலிப்ராப்பிலீன் நீரில் மிதக்கும், நீரை உறிஞ்சாது. ஆனால் வெயிலில் சீக்கிரம் உதிரும். கெவ்லார் வகை அராமிட் இழைகள் அதிகம் நீள்வதில்லை. எனினும் சிறு கப்பிகளில் மீண்டும் மீண்டும் வளைவதும் சூரிய ஒளியும் அவற்றைக் கெடுக்கின்றன. டைனீமா என்னும் உயர்வலுப் பாலித்தீன் மிகக் குறைவாக நீளும், மிதக்கும், வெயிலையும் ஓரளவு நன்றாகவே தாங்கும். அதற்கு இரண்டு குறைகள். ஒன்று, நீண்ட நேரம் பெருஞ்சுமையில் இருந்தால் மெல்ல இழுபட்டுத் திரும்பாது. மற்றொன்று, வழவழப்பு மிகுதி. உறையில்லாத டைனீமா கிளீட்டில் வழுக்கும், முடிச்சும் நழுவும். கைக்கும் கிளீட்டுக்கும் போகும் கயிற்றுக்குப் பாலியெஸ்டர் உறை போர்த்திய டைனீமாவே ஏற்றது.

வாங் கயிற்றில்தான் தேர்வின் நுட்பம் முழுமையாகத் தெரியும். கப்பிகளை அடுக்கிக் கட்டினால் அதன் இழுவை 15 மடங்கு வரை பெருகும். சுமைக்கு அருகில் உள்ள முதற்கயிறு பெரும்பங்கு விசையை நேரே தாங்குகிறது. அது ஒரு சென்டிமீட்டர் நீண்டால் பூம் பக்கத்தில் அந்த நீட்சி அப்படியே தெரியும். மாலுமியின் கைக்கு வரும் முனையில் விசை மிகக் குறைவு. அங்கே கயிறு நீண்டால், பூமைச் சேரும்போது அந்த நீட்சி பல மடங்கு குறைந்துவிடும். ஆகவே கையில் இருக்கும் பணத்தை முதற்கயிற்றில் போடவேண்டும்: 3 அல்லது 4 மில்லிமீட்டர் டைனீமா, முனைகளில் முடிச்சுக்குப் பதிலாக ஸ்ப்ளைஸ் (கயிற்றின் முனையை அதனுள்ளேயே செருகிப் பிணைப்பது). கைப்பக்கத்துக்குச் சற்றுத் தடித்த, உறையிட்ட கயிறு போதும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, கண்ணுக்குத் தெரியும் கைக்கயிற்றை உயர்தரமாக வாங்கிவிட்டுப் பூமின் அடியில் பழைய பாலியெஸ்டரை விட்டுவிடுகிறார்கள். காற்று வலுக்கும்போது பூம் எழும், பாயின் பின்விளிம்பு தளரும்; குறை எங்கே என்று விளங்காது. கன்னிங்காமுக்கும் அவுட்ஹாலுக்கும் இதே விதி, சற்றுத் தளர்வாக.

டிராவலரை முடிந்தவரை விறைப்பாகக் கட்டவேண்டும். தளர்ந்தால் கப்பி நடுவே மேலெழும்பும். பூம் காற்றொதுங்கு பக்கம் போகாது. 5 அல்லது 6 மில்லிமீட்டர் தடிமனில், நீளாத உட்கயிறும் கடினமான உறையும் கொண்டதாக இருப்பது நல்லது. சுக்கான் பிடி இதனடியில் நாள்முழுதும் உரசுவதால் முதலில் தேய்வதும் இந்தக் கயிறே.

மெயின்ஷீட்டுக்குக் கணக்கே வேறு. பயணம் முழுவதும் கையில் இருப்பது இதுதான். நீட்சியைவிடப் பிடிமானமும், நீரை உறிஞ்சிக் கனக்காமல் இருப்பதும், சிக்காமல் ஓடுவதும் முக்கியம். 6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் விரல்களை அறுக்கும். 8ஐத் தாண்டினால் மெல்லிய காற்றில் கப்பிகளில் தயங்கி, பாய் வெளியே போகாமல் நிற்கும். 7 மில்லிமீட்டர் பலருக்கும் பொருந்தும். நீளம் சுமார் 13 முதல் 14 மீட்டர். பக்கக் கயிறு இல்லாததால் பின்காற்றில் பூமைச் செங்குத்தையும் தாண்டி முன்னே விடலாம். நீளத்தில் கஞ்சத்தனம் காட்டினால் இந்த வசதி பறிபோகும்.

எப்போது மாற்றுவது? உறை பஞ்சுபோல எழுவது பெரும்பாலும் மேற்பரப்புத் தேய்மானம். அதற்காக உடனே தூக்கியெறிய வேண்டாம். உட்கயிறு வெளியே தெரிவது, ஒரு பகுதி மட்டும் தட்டையாவது, உருகி மினுங்குவது, விறைத்து வளைய மறுப்பது ஆகியவை உண்மையான அறிகுறிகள். கிளீட் கடிக்கும் இடத்திலேயே தேய்மானம் கூடுவதால், பருவத்தின் நடுவில் முனைகளை மாற்றிக் கட்டினால் ஆயுள் கூடும். நன்னீரில் அலசி உப்பைப் போக்குவதும் உதவும்.

டைனீமா ஏறத்தாழ 145 டிகிரி செல்சியசில் உருகுவதால், பாலியெஸ்டர்போல முனையைத் தீயில் காட்டி அடைப்பது சரியாக அமையாது. நாடா ஒட்டி, கூரிய கத்தியால் வெட்டி, நூல் சுற்றிக் கட்டவேண்டும். முடிச்சு எந்தக் கயிற்றின் வலுவையும் கணிசமாகக் குறைக்கும். உறையில்லாத டைனீமாவில் ஸ்ப்ளைஸ் செய்யும்போது தடிமனைப்போல 72 மடங்கு நீளம் உள்ளே செருகுவது பொதுவான அளவு. ஒவ்வொரு கயிற்றுக்கும் தனி நிறம் இருந்தால் அலையடிக்கும் நேரத்தில் கை தடுமாறாது. பந்தயத்துக்குப் போகிறவர், கயிறு வாங்குவதற்கு முன் வகுப்பு விதிகளின் நடப்புப் பதிப்பைப் படித்துவிடவேண்டும்; முனை நோக்கி மெலியும்படி செய்த மெயின்ஷீட் மற்றப் படகுகளில் செல்லும், லேசரில் செல்லாது.