ராஜகீழ்ப்பாக்கம்: ஏரியும் வீடும் அமானத்தும்



கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. ஜூன் மாதம் பள்ளிகள் திறப்பதற்குள் வீடு மாறிவிட வேண்டும் என்னும் அவசரம் ராஜகீழ்ப்பாக்கத்தின் தெருக்களில் தெரிகிறது. வாயிற்கதவுகளில் 'வாடகைக்கு வீடு' அட்டைகள் தொங்குகின்றன. மின்கம்பங்களில் மனை விற்பனைத் துண்டறிக்கைகள். அஸருக்குப் பின் தரகர் ஒருவர் இருசக்கர வாகனத்தில் முன்னே செல்ல, ஒரு குடும்பம் பின்தொடர்கிறது. எங்கள் கோடைக்கால தீனிய்யாத் வகுப்பிலும் வாரத்திற்கு ஒரு பிள்ளையேனும், "உஸ்தாத், நாங்க வேற வீட்டுக்குப் போறோம்" என்று ஸலாம் சொல்லிவிட்டுப் போகிறது.

இம்மாதத்தில் பார்க்கும் வீடெல்லாம் நல்ல வீடாகவே தோன்றும். சுவர் காய்ந்திருக்கும், தரை வெள்ளையாக மின்னும், தெருவில் ஒரு துளி ஈரமும் இராது. ஏரியின் படுகைகூடப் பிள்ளைகள் பந்தாடும் திடலாகவே காட்சி தரும். ஆனால் இந்த மண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. அதை அறியாமல் வாங்குவதும், அறிந்திருந்தும் சொல்லாமல் விற்பதும் நம் மார்க்கத்தில் சிறிய செய்திகள் அல்ல. அது குறித்தே இக்கட்டுரை.

ஏரிகளின் நாடு

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை 'ஏரிகள் மாவட்டம்' என்று சொல்வது வழக்கம். இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் பேராறு இல்லை. வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்ப்பதைத் தேக்கி வைத்தே மக்கள் நெல் விளைவித்தனர். அதற்காக ஊர்தோறும் ஏரி. ஏரிக்கு ஒரு கரை, பாசனத்திற்கு மதகு, மிகைநீர் வழிய ஒரு கலங்கல். ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். ராஜகீழ்ப்பாக்கம், சிட்லப்பாக்கம் ஆகியவற்றின் மிகைநீர் செம்பாக்கம் ஏரியை அடைந்து, அங்கிருந்து நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்வது இந்த அமைப்பின் ஒரு பகுதி. அந்தச் சதுப்பு நிலம் 2022-ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

1763-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாப் முஹம்மத் அலீ வாலாஜா இப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். அதன் பின், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பவர் ஜாகீர் கிராமங்களை அளந்து பதிவு செய்தார். எத்தனை வீடுகள், யார் யார் குடிகள், எவ்வளவு நிலம், விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஊர்வாரியாக எழுதப்பட்ட கணக்கு அது. நெல்லை அடிப்படையாகக் கொண்ட அந்த வாழ்வில், ஏரியைத் தூர்வாரிக் கரையைக் காக்கும் பணியை ஊரார் பொதுவில் செய்தனர். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். எந்தத் தாழ்நிலத்தில் நீர் நிற்கும், எந்த வழியாக வடியும் என்பது அன்று சிறு பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. அந்தத் தாழ்நிலத்தில் எவரும் வீடு கட்டவில்லை. அது வயலாகவே இருந்தது.

நெல்வயல் மனையான கதை

இந்த நிலை இருபதாம் நூற்றாண்டில் மெல்ல மாறியது. 1928-இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 'சானடோரியம்' என்னும் பெயர் இன்றும் ரயில் நிலையத்திற்கு நிலைத்திருக்கிறது. நகரத்தின் நெரிசலுக்கு வெளியே தூய காற்று கிடைக்கும் இடமாக அன்று தாம்பரம் கருதப்பட்டது. 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்திலிருந்து தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. நகரத்தில் வேலை, புறநகரில் வீடு என்னும் வாழ்க்கை முறைக்கு ரயில் வழி திறந்தது.

1984-இல் தாம்பரத்தில் ஏற்றுமதி வளாகமான மெப்ஸ் அமைந்தது. 2000-த்திற்குப் பின் பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி நிறுவனங்கள் பெருகின. வேளச்சேரி – தாம்பரம் சாலை அவ்விரு உலகங்களையும் இணைத்தது. அச்சாலையில் இருந்த ராஜகீழ்ப்பாக்கத்தில் நிலத்தின் மதிப்பு ஏறியது. குழியிலும் காணியிலும் அளந்த நிலத்தைச் சென்டிலும் கிரவுண்டிலும் அளந்தார்கள். இன்று அடுக்ககங்களில் சதுர அடியில் அளக்கிறோம். ஊராட்சியாக இருந்த நிர்வாகமும் வளர்ந்தது. செம்பாக்கம் நகராட்சியின் பகுதியாக இருந்த ராஜகீழ்ப்பாக்கம், 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தது.

இங்கு வந்து குடியேறியவர்களில் நம் சமுதாயத்தாரும் உண்டு. கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் வேலூர், ஆம்பூர் பக்கத்திலிருந்தும் பிழைப்புக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் வந்தவர்கள். வந்தவர்களுக்கு ஏரி தெரியாது, கலங்கல் தெரியாது. பத்திரத்தில் எழுதியிருந்த நான்கு எல்லைகள்தாம் தெரியும். நிலத்தை அறிந்தவர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். அறியாதவர்கள் வாங்கி வந்து சேர்ந்தார்கள். அந்த அறிவு மட்டும் கைமாறவில்லை.

மறந்ததை மழை நினைவூட்டியது. 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தென்சென்னைப் புறநகர் நீரில் நின்றது. நீர் புதிதாக எங்கும் செல்லவில்லை. தன் பழைய வழியைத் தேடி வந்தது. வழியில் நம் வீடுகள் இருந்தன.

மதீனாவின் கடைவீதியில்

இங்கே நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர வேண்டும். அபூஹுரைரா (ரலி) அறிவிக்க, ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றது. அண்ணலார் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றார்கள். மேலே காய்ந்திருந்த அக்குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் தட்டுப்பட்டது. இது என்ன என்று வினவினார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் உரிமையாளர். அப்படியானால் மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட அண்ணலார், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள்.

நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஈரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே கட்டளை. தெரிந்து வாங்குபவர் அதற்கேற்ற விலை கொடுப்பார். தெரியாமல் வாங்குபவர் காய்ந்த தானியத்தின் விலையில் ஈரத்தைச் சுமந்து போவார்.

மே மாதத்து மனை, மேற்புறம் காய்ந்த அந்தக் குவியல்தான்.

இதையொட்டியே நம் ஃபுகஹாக்கள் 'கியாருல் ஐப்' என்னும் சட்டத்தை விரிவாக எழுதினர். மறைந்திருந்த குறை பின்னர் வெளிப்பட்டால் வாங்கியவர் அந்த உடன்படிக்கையை முறிக்கும் உரிமை அது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளை விளக்கினால் அவர்களின் வணிகத்தில் பரக்கத் உண்டாகும், மறைத்தால் அது அழிக்கப்படும் என்னும் கருத்தில் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவித்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

நாட்டுச் சட்டமும் இதற்கு மாறானதன்று. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, தமக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. 108-ஆம் பிரிவு வாடகைக்கு விடுபவருக்கும் அத்தகைய கடமையை விதிக்கிறது. ஆயினும் வெள்ளம் வந்த வீடு என்பதற்காக நீதிமன்றம் ஏறும் வாடகைதாரர் எத்தனை பேர்? ஆகவே இது பெரும்பாலும் மனச்சாட்சியின் பொறுப்பிலேயே விடப்பட்டிருக்கிறது.

நம்மவர்க்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. சில வாசல்களில் நம் பெயரைக் கேட்டதுமே, "வீடு முடிஞ்சிடுச்சுங்க" என்று பதில் வரும். இதை அனுபவிக்காத குடும்பம் நம்மில் குறைவு. அவ்வாறு அலைந்து களைத்த குடும்பம், ஒரு முஸ்லிம் வீட்டு உரிமையாளர் கதவைத் திறந்தால் அதிகம் கேள்வி கேட்காது. அல்ஹம்துலில்லாஹ் என்று முன்பணத்தைக் கொடுத்துவிடும். கேள்வி கேட்க இயலாத நிலையில் வருபவரிடம் காக்கும் மௌனம் இரட்டிப்புக் கனமுடையது.

நான் மறைத்த ஈரம்

இதைப் பிறருக்கு உபதேசமாக எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில் தரைத்தளத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தேன். உரிமையாளர் என்னுடன் ஒரே ஸஃப்பில் நிற்பவர். சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. ஐப்பசி முடிவதற்குள் முழங்கால் அளவு நீர் வந்தது. கீழ்த்தட்டில் இருந்த கிதாபுகள் அனைத்தும் ஊறிப்போயின. பக்கத்து வீட்டு அம்மா, "வருஷா வருஷம் வருமே பாய், உங்களுக்குச் சொல்லலையா?" என்றார்.

அடுத்த மே மாதம் காலி செய்தேன். அடுத்தவர் முன்பணம் கொடுத்ததும் என் முன்பணத்தைத் திருப்பித் தருவதாக உரிமையாளர் சொன்னார். ஒரு குடும்பம் வீடு பார்க்க வந்தது: இளம் தம்பதியர், கைக்குழந்தை, வயதான தாயார். அந்தத் தம்பி என்னைப் பார்த்து, "தண்ணி எப்படி ஹஜ்ரத்?" என்று கேட்டார். "போர் தண்ணி நல்லா இருக்கு" என்றேன். அது பொய்யன்று. ஆனால் அவருக்குத் தேவையான பதிலும் அன்று. மறுநாள் என் பணம் என் கைக்கு வந்தது.

அதே வாரம் கோடை வகுப்பில் தானியக் குவியலின் ஹதீஸை நடத்தினேன். ஒரு சிறுவன் கேட்டான்: "மழை பெஞ்சது அவர் தப்பா உஸ்தாத்?" மழை அவர் தவறன்று, அடியில் வைத்ததே தவறு என்று விளக்கினேன். சொல்லி முடித்த பின் என்னால் அடுத்த ஹதீஸுக்குச் செல்ல முடியவில்லை.

மக்ரிப் தொழுதுவிட்டு அவ்வீட்டிற்குச் சென்று உள்ளதைச் சொன்னேன். சாமான்கள் எல்லாம் பிரித்து அடுக்கப்பட்டிருந்தன. அந்தத் தம்பி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே ஹஜ்ரத்" என்றார். அவ்வளவுதான். கார்த்திகைக்கு முன் தாயாரின் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினார். நானும் சென்று கைகொடுத்தேன். அந்த ஆண்டும் நீர் வந்தது.

செய்யத் தக்கவை

வீடு தேடும் சகோதரர்களே, பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். நில அளவை வரைபடத்தில் வாய்க்காலோ ஏரிப் புறம்போக்கோ அருகில் உண்டா என்று பாருங்கள். 2015-லும் 2023-லும் இத்தெருவில் நீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். சாலையை மேன்மேலும் உயர்த்திப் போட்டதால் வீட்டின் தரை தாழ்ந்துபோயிருக்கிறதா என்று கவனியுங்கள்.

வீட்டு உரிமையாளர்களே, அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். அதற்கேற்ப வாடகையைக் குறையுங்கள். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து முன்பணத்தை மூன்று மாத வாடகைக்குள் நிறுத்துகிறது. நாமோ பத்து மாதம் வாங்கிப் பழகியிருக்கிறோம். அப்பணம் உங்களிடம் உள்ள அமானத். அதைத் திருப்பித் தருவதை அடுத்தவரின் வருகையோடு முடிச்சிடாதீர்கள். அந்த முடிச்சுத்தான் காலி செய்பவரின் வாயையும் கட்டுகிறது.

காலி செய்பவர்களே, அந்த வீட்டின் மழைக்காலத்தை நேரில் கண்டவர் நீங்கள். புதிதாக வருபவருக்கு உங்களைவிடச் சிறந்த சாட்சி வேறு இல்லை.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் பரக்கத் செய்வானாக. அறிந்ததை மறைக்கும் நாவிலிருந்து நம்மைப் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.